புறம்போக்கின் காவலர்கள்: மலையடிவாரத்து இரு நகரங்களும் அவற்றின் பொதுவெளியும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும், பொதுவெளியை யார் காத்தார்கள், எதன் பொருட்டுக் காத்தார்கள், எப்போது கைவிட்டார்கள் என்பதை ஆராய ஏற்ற ஊர்கள். பொதுவெளி என்பது இங்கே பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் மட்டும் குறிப்பதன்று. காடு, கண்மாய், ஓடை, ஊருணி, மேய்ச்சல் தரை, களத்துமேடு, தோப்பு, தேரோடும் வீதி எனத் தனியொருவர் பெயரில் பட்டா இல்லாமல் ஊரார் அனைவரும் ஏதோ ஒரு வகையில் பயன்கொள்ளும் நிலம் முழுவதையும் குறிக்கிறது. இந்நிலங்களின் வரலாறு பெரும்பாலும் அரசின் வரலாறாகவே, அதாவது வனத்துறையின் வரலாறாகவும் பொதுப்பணித் துறையின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. நகராட்சி, வட்ட வாரியம், ஊராட்சி ஆகியவற்றின் பக்கம் நின்று பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது: உள்ளாட்சிக்கு நாள்தோறும் தேவைப்பட்ட ஒன்றைத் தந்த பொதுவெளி நிலைத்தது, சட்டத்தின் ஆணையை மட்டுமே துணையாகக் கொண்டிருந்த பொதுவெளி சுருங்கியது.

உள்ளாட்சி என்னும் அமைப்பு தோன்றுவதற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதுவெளியைக் காக்கும் பொறுப்பைப் பெருமளவு கோயில் சுமந்தது. வைணவ மரபின்படி பெரியாழ்வார் பேணிய நந்தவனத்தில், துளசிச் செடியின் அருகே ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டாள். அந்த நந்தவனம் இன்றும் கோயிலை ஒட்டிப் பராமரிக்கப்படுகிறது. திருமுக்குளம் ஊரின் நடுவே நீர் தேக்கும் திறந்த பரப்பாக நிற்கிறது. தேர் ஓடும் ரத வீதிகளின் அகலத்தை எந்த நகரமைப்பு விதியும் தீர்மானிக்கவில்லை. ஆடிப்பூரத்தன்று பெருந்தேர் நிலையிலிருந்து புறப்பட்டு நான்கு முக்கிலும் திரும்பி நிலைக்கு வந்து சேர வேண்டும் என்ற ஒரே தேவைதான் தீர்மானித்தது. வீட்டுத் திண்ணையோ கடைத் தாழ்வாரமோ வீதிக்குள் ஒரு முழம் நீண்டாலும் தேர் நின்றுவிடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அந்த எல்லை ஊரார் கண்முன் அளக்கப்பட்டது. சந்துகளில் நடந்த ஆக்கிரமிப்பு தேரோடும் வீதிகளில் எளிதாக நடக்க முடியாமற்போனதற்கு இதைவிட வலுவான காரணம் தேட வேண்டியதில்லை.

ஊருக்கு வெளியே பொதுவெளியைக் கட்டிக்காத்தது கண்மாய். மலைச் சரிவில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் ஓடைகள் பெருகி, ஒரு கண்மாய் நிரம்பி, அதன் மறுகால் அடுத்த கண்மாய்க்குப் போய், இறுதியில் எஞ்சிய நீர் வைப்பாற்றில் சேரும். மறுகால் என்பது கண்மாய் நிறைந்தபின் உபரி நீர் வழியும் வாய். அதிலிருந்து அடுத்த கண்மாய்க்குச் செல்லும் வாய்க்காலில் ஒருவர் மண் போட்டு மேடாக்கினால் கீழே உள்ள ஊர் முழுவதும் வறண்டுவிடும். ஆகவே வாய்க்காலை வெறும் நிலமாகக் காண எவரும் துணியவில்லை. மடை திறந்து வயலுக்கு நீர் பங்கிட நீர்க்கட்டி என்ற ஊர்ப் பணியாளர் இருந்தார். கரையைச் செப்பனிட, கண்மாயால் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரர்கள் உழைப்பு தந்தார்கள். குடிமராமத்து எனப்பட்ட இவ்வழக்கம் தளர்ந்தபோது அதை மீட்க ஆங்கில அரசு 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஊர் தானாகச் செய்த வேலையைச் சட்டத்தின் அச்சுறுத்தலால் செய்விக்க முயன்ற அச்சட்டம், வழக்கம் நொறுங்கிவிட்டதற்கான ஒப்புதல் வாக்குமூலமாகவே இன்று படிக்கத் தக்கது.

நில அளவையும் ரயத்துவாரி வரி முறையும் நிலைபெற்ற பிறகு, பொதுவெளி முதன்முறையாகப் புல எண் பெற்றது. வரி விதிக்கப்படாமல் பொதுப் பயனுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் புறம்போக்கு என்று வகைப்படுத்தப்பட்டு, கிராமத்தின் எல்லாப் புல எண்களையும் வரிசையாகக் காட்டும் அ-பதிவேட்டில் கண்மாய்ப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, களம், சுடுகாடு எனப் பெயர் எழுதப்பட்டது. ஏட்டில் பெயர் ஏறியது பாதுகாப்புத்தான். ஆனால் உரிமை அரசின் வருவாய்த் துறைக்கும், பயன்பாடு ஊருக்கும் எனப் பிரிந்ததும் அப்போதுதான். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இந்தப் பிரிவினையின் விளைவைத் தெளிவாகக் காட்டுகிறது. புறம்போக்கில் உழுதவருக்கும் குடிசை போட்டவருக்கும் அபராதம் விதித்துப் பி-மெமோ என்னும் அறிவிப்பு தரப்படும். வெளியேற்றவும் சட்டத்தில் வழி உண்டு. நடைமுறையில் அபராதம் ஆண்டுதோறும் வாங்கப்பட்டதே தவிர வெளியேற்றம் அரிதாகவே நிகழ்ந்தது. பல தலைமுறை பி-மெமோ ரசீதுகளைச் சேர்த்து வைத்திருந்த குடும்பம், அதையே நெடுநாள் அனுபவத்துக்குச் சான்றாகக் காட்டிப் பட்டா கேட்கும் விசித்திரம் தமிழக வருவாய் நிருவாகத்தில் இன்றும் தொடர்கிறது.

மலைமேல் இருந்த காட்டின் கதை வேறு. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ஒதுக்குக் காடு என்ற வகையை உருவாக்கி, வனத் தீர்வு அலுவலர் ஒருவர் வழி, நீரோடை, மேய்ச்சல் ஆகியவற்றின் மீது ஊரார் கோரிய உரிமைகளைக் கேட்டு முடிவு செய்தபின் எல்லை வரையச் செய்தது. எல்லைக்கு மேலே வனத்துறை, கீழே வருவாய்த் துறை என்ற கோடு அப்போது போடப்பட்டது. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கட்டணம் வந்தது. அதனால் எழுந்த குமுறலை விசாரிக்க அமைந்த வனக்குழு 1913-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, கிராமத்தை ஒட்டிய சில காடுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளிடமே ஒப்படைக்கும் சோதனை சென்னை மாகாணத்தில் நடந்தது. வனப் பஞ்சாயத்து எனப்பட்ட அந்தச் சோதனை வேரூன்றவில்லையென்றாலும், காட்டைக் காக்கும் பொறுப்பை ஊருக்கும் பங்கிடலாம் என்று அரசே ஒருகாலத்தில் கருதியது நினைவில் கொள்ளத் தக்கது.

உள்ளாட்சி மன்றங்கள் இதே காலத்தில்தான் உருப்பெற்றன. 1871-ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம், 1884-ஆம் ஆண்டின் உள்ளாட்சி வாரியங்கள் சட்டம், அதே ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் ஆகியவை சாலை, சுகாதாரம், சத்திரம், பள்ளி ஆகியவற்றை வாரியங்களிடம் ஒப்படைத்தன. திருநெல்வேலி மாவட்டத்தில் அப்போது இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் 1894-இல் நகராட்சியாயிற்று. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது இந்த வட்டம் அதனுடன் சேர்க்கப்பட்டது. சாலையோரத்தில் மரம் நட்டு வளர்ப்பது வாரியங்களின் வேலைகளுள் ஒன்று. மதுரையிலிருந்து செங்கோட்டைக் கணவாய் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும் நின்ற புளியமரங்கள் நிழலுக்காக மட்டும் காக்கப்படவில்லை. மரத்தில் எண் எழுதி, காய்ப்பு கண்டு, மகசூலை ஏலம் விட்டு, அந்தப் பணத்தை வரவு வைக்கும் வழக்கம் இருந்ததால், மரத்தை வெட்டியவர் வாரியத்தின் வருமானத்தையும் வெட்டினார். கண்மாயில் மீன்பாசிக் குத்தகையும் கருவேல மர ஏலமும் இதே வகை. சிறு தொகைதான், ஆனால் ஏலத்துக்கு முன் ஒரு பணியாளர் இடத்தைப் போய்ப் பார்த்தாக வேண்டும், ஏலம் எடுத்தவர் அடுத்தவரை உள்ளே விடமாட்டார் என்ற இரண்டும் சேர்ந்து எந்தக் காவலாளியும் செய்யாத காவலைச் செய்தன.

ராஜபாளையத்தின் வளர்ச்சி சற்றுப் பிந்தியது, வேகமானது. 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் உள்ளிட்ட நூற்பாலைகள் ஊரைத் தொழில் நகரமாக மாற்றின. 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையம் நகராட்சியின் மக்கள்தொகை 1,30,442. ஸ்ரீவில்லிபுத்தூரினுடையது 75,396. ஆலைத் தொழிலாளரும் அவர்களை நம்பி வந்த வணிகரும் பெருகிய ஊருக்குக் கிணற்று நீர் போதாது என்பதால் நகராட்சி மலையை நோக்கித் திரும்பியது. அய்யனார் கோயில் அருவிப் பக்கத்திலிருந்து வரும் முடங்கியாற்று நீரைத் தேக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் ராஜபாளையத்தின் குடிநீருக்கு ஆதாரமாயிற்று. வட்டாரப் பொதுவெளியின் வரலாற்றில் இது ஒரு பெரிய திருப்பம். நகராட்சியின் எல்லைக்கு வெளியே, நகராட்சிக்குச் சட்ட அதிகாரம் ஏதும் இல்லாத காட்டில் மரம் வெட்டப்படுமா, தீப்பிடிக்குமா, ஓடையில் மணல் சேருமா என்பதெல்லாம் நகரத்து வீட்டுக் குழாயில் வரும் நீரோடு பிணைந்துவிட்டன. கோடையில் நீர்த்தேக்கத்தின் மட்டம் இத்தனை அடி என்ற செய்தி இன்றும் ராஜபாளையத்தில் ஊர்ச் செய்திதான்.

காட்டுக்கும் ஊருக்கும் இடையிலான இந்தப் பிணைப்பு அரசியலிலும் ஒருமுறை தற்செயலாகக் கூடியது. ராஜபாளையத்தில் 1898-இல் பிறந்து, உள்ளாட்சி மன்றங்களில் பொதுவாழ்வைத் தொடங்கிய பூ. ச. குமாரசாமி ராஜா 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1952 வரை ஆட்சியில் இருந்தார். 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் தம் காடுகள் அரசிடம் போய்விடும் என்பதை உணர்ந்த ஜமீன்தார்கள் பல இடங்களில் மரங்களை அவசர அவசரமாக வெட்டி விற்ற காலம் அது. சேத்தூர் போன்ற மலையடி ஜமீன்களைக் கொண்ட இந்த வட்டாரத்துக்கு அந்தக் கவலை அயலானதன்று. தனியார் காடுகளை மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி விற்கவும் அழிக்கவும் தடை விதித்த சென்னைத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949-ஆம் ஆண்டுக்குரியது. ஊராட்சிகளுக்குப் புது வடிவம் தந்த சென்னை ஊராட்சிகள் சட்டம் 1950-ஆம் ஆண்டுக்குரியது. முன்னது ஆட்சியருக்கு அதிகாரம் தந்தது, பின்னது ஊருக்குப் பொறுப்பு தந்தது. இரண்டையும் இணைக்கும் கண்ணி, அதாவது காட்டின் விளிம்பில் உள்ள ஊராட்சிக்கு அந்தக் காட்டைப் பற்றிய முடிவில் ஓர் இடம், எந்தச் சட்டத்திலும் இல்லை. அந்தக் குறையின் விலை பின்னர்தான் தெரிந்தது.

விருதுநகர்க்காரரான காமராசர் முதல்வராக இருந்த காலத்தில், 1959-இல், பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கவென்றே தனிச் சட்டம் ஒன்று வந்தது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் உள்ள இத்தகைய இடங்களின் பட்டியலையும் வரைபடத்தையும் தயாரித்து அரசுக்கு அனுப்ப வேண்டும். அரசு ஏற்று வெளியிட்ட பிறகு, அரசின் அனுமதியின்றி அந்த இடத்தை வேறு பயனுக்கு மாற்ற முடியாது. நோக்கத்தில் இதற்கு இணையான சட்டத்தைத் தமிழக உள்ளாட்சி வரலாற்றில் காண்பது அரிது. ஆயினும் தமிழகத்தில் இச்சட்டத்தின் பெயரைக் கேட்ட நகர்மன்ற உறுப்பினர் மிகச் சிலரே இருப்பர். காரணம், பட்டியலும் தடையும்தாம் அதன் உயிர். மீன்பாசிக் குத்தகை போல வருவாயோ, முடங்கியாறு போல நீரோ, தேரோட்டம் போலத் திருவிழாவோ அந்தப் பட்டியலுடன் பிணைக்கப்படவில்லை.

ஒப்பீட்டுக்காக வெளிநாட்டு எடுத்துக்காட்டுகள் இரண்டைக் கருதலாம். இங்கிலாந்தில் 1938-இல் வந்த பசுமை வளையச் சட்டம் லண்டனையும் அதைச் சுற்றிய மாவட்டங்களையும் சேர்ந்த உள்ளாட்சி மன்றங்கள் நிலத்தை விலைக்கு வாங்கித் திறந்தவெளியாகவே வைத்திருக்க வழி செய்தது. கலிபோர்னியாவில், ஓக்லண்ட் வட்டாரத்துக்குக் குடிநீர் தந்த அமைப்பு தனக்குத் தேவையில்லை என ஒதுக்கிய மலையடி நீர்ப்பிடிப்பு நிலங்களை வீட்டுமனையாக விடாமல் காக்க, பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த 1934-இல் அந்த வட்டாரத்து மக்கள் தங்கள் மீது தாமே வரி விதித்துக்கொள்ள வாக்களித்து ஈஸ்ட் பே வட்டாரப் பூங்கா அமைப்பை உருவாக்கினர். ராஜபாளையத்தைப் போலவே அங்கும் தொடக்கப்புள்ளி குடிநீர்தான். வேறுபாடு அதிகாரத்தில் இருந்தது: அங்கே உள்ளாட்சி நிலத்தை வாங்கியது, இங்கே உள்ளாட்சி பிறருடைய நிலத்துக்குக் காவல் இருந்தது.

1985-இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிந்து இந்த வட்டாரம் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்தது. மூன்றாண்டுகளில், 1988-இல், ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் சுமார் 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் தென்பகுதியிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இந்தப் பெரிய அணில், கிளையோடு கிளை பின்னிய மரங்களின் மேல் தரையைத் தொடாமல் நகரும். கூட்டையும் அத்தகைய கிளைகள் கூடும் இடத்தில்தான் கட்டும். ஒரு மரம் வெட்டப்பட்டால் அதன் வழி அறுந்துவிடுகிறது. மலையடியில் உள்ள செண்பகத்தோப்பில் ஓடைக்கரை மரங்களோடு புளியமரத்தையும், எல்லைக்கு வெளியே தனியார் மாந்தோப்புகளையும் அது நாடுகிறது என்பதுதான் உள்ளாட்சிக்கு முக்கியமான செய்தி. சரணாலயத்தின் கோடு மலையடியில் முடிந்தாலும், அணிலின் வாழிடம் மம்சாபுரம் பேரூராட்சியையும் சுற்றிலும் உள்ள ஊராட்சிகளையும் சேர்ந்த தோப்புகளுக்குள் நீள்கிறது. அந்தத் தோப்பு மனையாக மாறுவதா வேண்டாமா என்ற கேள்வி வனத்துறையின் மேசைக்குப் போவதில்லை.

2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் உலகப் பாரம்பரியத் தொகுதிகளுள் இச்சரணாலயம் இடம்பெற்றது. 2021 பிப்ரவரியில் மேகமலையுடன் இணைக்கப்பட்டுச் சுமார் 1,016 சதுர கிலோமீட்டரில் தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகமாயிற்று. புலிகள் காப்பகத்தில் மனிதத் தலையீடு கூடாத மையப் பகுதி, வாழ்வும் பாதுகாப்பும் இணைந்து செல்ல வேண்டிய புறப்பகுதி என இரண்டு உண்டு. புறப்பகுதியின் எல்லையைத் தொடர்புடைய கிராம சபையைக் கலந்தே தீர்மானிக்க வேண்டும் என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. 1950-இல் விடுபட்ட கண்ணி எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, வேறொரு சட்டத்தின் வழியாக, இந்த மலையடி ஊர்களுக்கு வந்து சேர்ந்தது எனலாம்.

காடு இறுக்கமாகக் காக்கப்படும்போது அழுத்தம் கீழே இறங்குகிறது. வத்திராயிருப்பு முதல் சேத்தூர் வரையிலான ஊர்களில் மலைமாடு வளர்ப்போர், மாடுகளைப் பருவத்துக்கு ஏற்ப மலையில் மேய்த்து வந்தவர்கள். சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சலுக்கு இடமில்லை என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் உறுதிப்படுத்திய பிறகு, ஊராட்சியின் மேய்ச்சல் புறம்போக்கு அவர்களுக்குப் பழங்கதையாக இருக்க முடியாது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் தரை, களம், மந்தை, தோப்பு ஆகியவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைக் கிராம ஊராட்சிக்கே தருகிறது. சிறு கண்மாய்கள், அதாவது 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு கொண்டவை, ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பெரியவை அரசின் நீர்வளத் துறையிடம். ஒரே ஓடைத் தொடரில் மேலே உள்ள கண்மாய் ஒன்றியத்துக்கும் கீழே உள்ளது துறைக்கும், நடுவே உள்ள வாய்க்கால் வருவாய்த் துறைக்கும் சொந்தம் என்றால், வாய்க்கால் அடைபட்டபோது மனு மூன்று அலுவலகங்களுக்கிடையே பந்தாடப்படுவதில் வியப்பில்லை. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் அந்தக் கோணலை நேராக்கவில்லை.

நகர்ப்புறத்தில் இப்போது புதிய வகைப் பொதுவெளி ஒன்று உருவாகி வருகிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவு போடுவோர், சாலை நீங்கிய பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு எழுதித் தர வேண்டும் என்பது கட்டட விதி. இந்த நிலம் உள்ளாட்சியின் பெயரிலேயே வருகிறது என்பதால், புறம்போக்கைவிட வலுவான உரிமை இதில் உண்டு. ஆனால் இந்த 10 விழுக்காடு பெரும்பாலும் நன்செய்யும் தோப்பும் மனையான பிறகு கிடைப்பது. நூறு பங்கு திறந்தவெளியைக் கொடுத்துப் பத்துப் பங்கு பூங்காவை வாங்கும் பேரத்தை வளர்ச்சி என்று அழைக்கலாமே தவிர, பாதுகாப்பு என்று அழைக்க முடியாது. தோப்பும் கண்மாயும் இருந்த மலையடி வளையத்தை, நகராட்சியும் அதைச் சூழ்ந்த பேரூராட்சி, ஊராட்சிகளும் ஒரே நிலப்பரப்பாகக் கருதித் திட்டமிடும் அமைப்பு இங்கு இன்னும் எழவில்லை என்பதே இந்த வரலாற்றின் இன்றைய நிலை.

ஊராட்சிகளின் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கும் திட்டங்களை எல்லா மாநிலங்களும் வகுக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்டது. அதற்கான முதல் ஏடு ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலரிடமும் இருக்கும் அ-பதிவேடு. தமிழகத்தில் கிராம சபை இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தம் ஊர்ப் புறம்போக்கின் புல எண்களையும் பரப்பையும் அக்கூட்டத்தில் வாசிக்கச் சொல்லி, அவை இருக்கும் நிலையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்ய மலையடிவாரத்து ஊர்களின் வாக்காளர் எவருக்கும் உரிமை உண்டு. 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படியான பட்டியல் இருக்கிறதா என்று நகராட்சியிடம் எழுத்தில் கேட்கும் உரிமை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால் இரு நகரத்தாருக்கும் உண்டு. அந்த இரண்டையும் அடுத்த கூட்டத்துக்குள் செய்வது நல்லது.